தேதியக்காவின் பிரமாணப் பத்திரம்

தேதியக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் நீதிமன்ற வளாகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "தேதியக்கா எங்கே?" என்று கேட்டால் போதும், ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் வாசல் காவலாளி வரை ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். எந்த வழக்கு எந்த நாளில் வருகிறது, எந்த மனுவுக்கு எது கடைசி நாள் என்று அவளிடம் கேட்டால் நாட்குறிப்பைப் பிரிக்காமலே பதில் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவள் வேலை பார்த்தது ஒரு சீனியர் வக்கீலிடம். வாதத்தில் புலி, வேலையில் ஆமை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை மாலை கடை மூடும் நேரத்தில்தான் பேனாவைத் தேடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு முறை கடைசி நிமிஷத்தில் அவளைத் தாக்கல் செய்ய ஓடவிட்டார். மூன்றாவது முறை அவள் சுதாரித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றால் அவர் மேசை நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். சீனியர் செவ்வாய்க்கிழமை மாலை அடித்துப் பிடித்துக் கையெழுத்துப் போடுவார், புதன்கிழமை அவள் நிதானமாகத் தாக்கல் செய்வாள். வருஷக்கணக்கில் இந்த ஏற்பாடு தங்குதடையில்லாமல் ஓடியது. சீனியருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் ஓடியது.

இனி அவள் தொடங்கிய சங்கத்துக்கு வருவோம். வக்கீல்களுக்குச் சங்கம் உண்டு, கட்டடம் உண்டு, நாற்காலிகூடச் சுழலும். அவர்களுக்காக ஓடுகிறவர்களுக்கு என்ன இருந்தது? பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே நிற்க ஒரு இடம், அவ்வளவுதான். மனுவில் ஒரு பக்க எண் தவறியிருந்தால்கூட உள்ளே இருக்கிறவர் இவர்களிடம் சொல்லமாட்டார். "உங்க வக்கீலை வரச் சொல்லு" என்பார். அந்த மனுவைத் தட்டச்சு செய்தது, தைத்தது, எண் போட்டது எல்லாம் எதிரே நிற்கிற ஆள்தான் என்பது அவருக்கும் தெரியும்.

தேதியக்காவுக்கு அந்த ஜன்னலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் சட்ட உதவியாளர் சங்கத்தைத் தொடங்கி, அதன் செயலாளரும் ஆனாள். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறை. சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு. வழக்குக் கோப்புகளை எப்படிக் கட்டுவது, கட்சிக்காரரிடம் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது, கடைசி நாளை எப்படிக் கணக்கிடுவது என்று பாடங்கள். பாடம் முடித்தவர்களுக்குத் தேர்வு, தேறியவர்களுக்குச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை நீதிமன்றம் அங்கீகரிக்க வேண்டும், அங்கீகரித்தால் எங்கள் ஆட்கள் ஜன்னலுக்கு உள்ளே போய்த் தங்கள் கையெழுத்திலேயே பிழை திருத்தலாம் என்று பதிவாளருக்கு மனு மேல் மனு போட்டாள்.

"உங்க சங்கத்துல டீ மட்டும் நல்லா இருக்குமாமே," என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். ஊர் நாய்களெல்லாம் அவருக்குப் பழக்கம்.

"உங்களுக்கென்ன, மீட்டர் எதிர்த்துப் பேசாது. எனக்கு வாய்ச்சது அப்படியா?" என்பாள் அவள்.

கேலி பேசினாலும் சனிக்கிழமை மதியச் சமையலை அவர் பொறுப்பில் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சங்கத்தின் ஆண்டு விழாவில்தான் அவளுக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. சீனியரையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தேதியக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். "இந்தம்மா இல்லன்னா நான் இல்ல" என்றார். கைதட்டலில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்துப் பேச எழுந்தவள், எழுதிவைத்திருந்த உரையை மடித்துவிட்டு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பொய்த்தேதி ரகசியத்தை மேடையிலேயே அவிழ்த்துவிட்டாள்.

"எங்க சாருக்கு நான் குடுத்த தேதியில ஒண்ணுகூட உண்மையான தேதி இல்ல. எல்லாம் மூணு நாள் முன்னாடி. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் எங்க ஆபீஸ்ல ஒரு தேதியும் தவறல," என்றாள்.

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. சங்கத்தின் பொருளாளர் கோந்து சிரித்ததில் நாற்காலியே ஆடியது. ஒட்டிய காகிதம் உயிரே போனாலும் பிரியாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சீனியரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். காரில் ஏறும்போது விரலை ஆட்டி, "பொல்லாத ஆளும்மா நீ" என்றார். அவளும் சிரித்தபடி கதவைச் சாத்தினாள். அன்றைக்கே தன் கையால் தன் ஏற்பாட்டுக்குக் குழி வெட்டிவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. பாராட்டு காதில் ஏறினால் வேறெதுவும் ஏறாது போலிருக்கிறது.

சில வாரங்கள் கழித்து தையல்காரம்மா வந்தாள். பள்ளிச் சீருடை தைப்பவள். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டு வாடகை அறைதான் அவளுக்குச் சகலமும். வீட்டின் சொந்தக்காரர் செத்ததும் அவர் மகன் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டான். அங்கே வாதாடிய வக்கீல் இவளைக் கைகழுவிவிட்டார். தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் நாளைக் கடத்திவிட்டு, அப்பீல் காலம் முடியப்போகிற நேரத்தில் படியேறி வந்தாள்.

சீனியர் தீர்ப்பைப் படித்துவிட்டு, "இது நிக்காது. அப்பீல்ல முதல் நாளே தடை வாங்கிடலாம்" என்றார்.

தையல்காரம்மா அவரைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்ற தேதியக்காவைப் பார்த்தாள். "எனக்குக் கோர்ட்டு விவரமெல்லாம் தெரியாதும்மா. நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"நான் பாத்துக்கறேன்கா. நீங்க நிம்மதியா மெஷினை மிதிங்க," என்றாள் தேதியக்கா.

கைவசம் இருந்த நாட்களே கொஞ்சம். மூன்று நாள் முன்னதாக வட்டம் போட இடமே இல்லை. அதனால் முதல்முறையாக உண்மையான கடைசி நாளையே நாட்காட்டியில் வட்டமிட்டாள். சீனியரிடம் சொல்லவும் செய்தாள். "சார், இது நிஜத் தேதி. இதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட இல்ல."

"நீ எந்தத் தேதியைத்தான் பொய்னு சொல்லியிருக்க?" என்றார் சீனியர், சிரித்துக்கொண்டே.

அந்த நாளும் வந்தது. அன்றைக்கே சங்கத்தின் பயிற்சி முகாமும். நீதிமன்றப் பதிவாளரே நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எத்தனை மனு, எத்தனை நடை. அவர் திருப்தியாகத் தலையாட்டினால் அங்கீகாரம் கையில் வந்த மாதிரி. தேதியக்கா முந்தின நாளே அப்பீல் மனுவைத் தட்டச்சு செய்து, தைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, சீனியரின் மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் போனாள். கையெழுத்தானதும் அலுவலகத்து ஜூனியர் வக்கீல் கொண்டுபோய்த் தாக்கல் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

மதியம் முகாமிலிருந்து போன் போட்டாள். "சார், தையல்காரம்மா பேப்பர்ல கையெழுத்தாச்சா?"

"வேற கோர்ட்ல இருக்கேன்மா. நாளைக்குப் போட்டுக்கலாம்."

"நாளைக்கு இல்ல சார். இன்னிக்குத்தான் கடைசி."

"உன் கணக்கு எனக்குத் தெரியாதா? ஊரைக் கூட்டி நீதானே சொன்ன," என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

அவள் எழுந்து நின்றாள். ஒரு பேருந்து பிடித்தால் அந்த நீதிமன்றத்துக்கே போய் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஜூனியருக்காவது போன் பண்ணலாம். ஆனால் அதே சமயம் பதிவாளர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிவிட்டார். முன்வரிசையில் செயலாளர் நாற்காலி காலியாக இருந்தால் என்ன நினைப்பார்? சார் சும்மா விளையாடுகிறார், இரண்டு தடவை சொல்லியிருக்கிறோம், போட்டுவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பதிவாளர் சங்கத்தைப் பாராட்டினார். எல்லோரும் தட்டினார்கள், அவளும் தட்டினாள்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அப்பீல் கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. பெருக்கல் குறிகள் அப்படியே இருந்தன. கட்டைத் தொடாமல் சீனியர் வருவதற்காகக் காத்திருந்தாள்.

சீனியர் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார்.

"நிஜமாவா?" என்றார்.

"நிஜம்தான் சார்."

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடலாம்" என்றார் கடைசியில். "ஆனா வக்கீல் மறந்துட்டார்னு சொன்னா ஜட்ஜு கேக்க மாட்டார். குமாஸ்தா தேதியைத் தப்பா குறிச்சுட்டாங்கன்னு ஒரு பிரமாணப் பத்திரம் வெச்சா, ரெண்டு வார்த்தை திட்டிட்டு மன்னிச்சுடுவார். வழக்கமா நடக்கறதுதானே."

வழக்கமாக நடப்பதுதான். எந்தெந்த அலுவலகத்திலோ எத்தனையோ குமாஸ்தாக்கள் செய்யாத தப்பைச் செய்ததாகச் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். நீதிபதிகளும் வக்கீல்களும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம். இது கூடாது, நம் தலையில் எதையும் கட்ட விடக்கூடாது என்று சனிக்கிழமை வகுப்பில் தொண்டை வறளக் கத்தியவள் அவள்தான்.

"நான் தேதியைச் சரியாத்தான் குறிச்சேன் சார்."

"எனக்குத் தெரியும்மா. அந்தம்மா வீட்டை நினைச்சுப் பாரு."

அன்று இரவு வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாள். மறுநாள் காலை வீட்டுக்காரர் ரொட்டியில் கை வைக்காமலே சொன்னார்: "செய்யாத தப்புக்கு நீ ஏன் கையெழுத்துப் போடணும்? சங்கத்துல இருக்கறவங்க மூஞ்சியில எப்படி முழிப்ப?"

"செய்யலன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். "போனை வெச்சதும் நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். உக்காந்துட்டேன். பெரிய மனுஷன் பாராட்டறதைக் கேக்க உக்காந்துட்டேன்."

அவர் ரொட்டியைப் பிட்டார், ஆனால் சாப்பிடவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். 'நான் மேற்படி வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகப் பணிபுரிகிறேன். என் கவனக்குறைவால் கடைசி நாளைத் தவறாகக் குறித்துவிட்டேன்.' சட்ட உதவியாளர் என்ற சொல்லை எழுதவைக்க அவள் பட்ட பாடெல்லாம் ஒரு வரியில் போயிற்று. போகட்டும், வீடு மிஞ்சினால் போதும் என்று நினைத்தாள். தையல்காரம்மாவிடம், "ஒரு சின்னத் தாமதம்கா, சரி பண்ணிடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை நாளன்று காலை, நீதிமன்ற நடையில் கோந்து எதிரே வந்தான். வீட்டுச் சொந்தக்காரரின் மகனுக்கு ஆஜராகிற வக்கீலிடம்தான் அவனுக்கு வேலை. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். நேத்து எங்க சார் உங்க பிரமாணப் பத்திரத்தைப் படிச்சுட்டு, 'யாரு இந்தக் குமாஸ்தா?'ன்னு கேட்டாரு. எனக்குப் பொறுக்கல. குமாஸ்தான்னு சொல்லாதீங்க சார், எங்க சங்கத்துச் செயலாளர், கடைசி நாள் கணக்கு எங்க எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே அவங்கதான்னு பெருமையாச் சொல்லிட்டேன். அவரு அதை எழுதி வெச்சுக்கிட்டாரு. எழுதினப்பதான் எனக்கு உறைச்சுது."

அவன் மேல் கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை. "நீ என்னடா பண்ணுவ" என்றாள். பின்வரிசையில் தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள்.

சீனியர் எழுந்து, குமாஸ்தாவின் எளிய பிழை, ஏழைப் பெண், இரண்டே இரண்டு நாள் தாமதம் என்று உருக்கமாகப் பேசினார். நீதிபதி தலையாட்டிக்கொண்டே கேட்டார். மன்னித்துவிடுவார் போலத்தான் இருந்தது. அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"குமாஸ்தா என்று சொல்லியிருக்கிறார்கள், அது முழு உண்மை அல்ல. இவர் சட்ட உதவியாளர் சங்கத்தின் செயலாளர். கடைசி நாளை எப்படிக் குறிப்பது என்று மற்றவர்களுக்கு வகுப்பு நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுப்பவர். தங்கள் சான்றிதழை அங்கீகரிக்கச் சொல்லி இதே நீதிமன்றத்தில் மனுவும் போட்டிருக்கிறார். இப்படிப்பட்டவர் தெரியாமல் தவறு செய்துவிட்டார் என்பதை எப்படி நம்புவது?"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவர் இங்கே இருக்கிறாரா?"

தேதியக்கா எழுந்து நின்றாள்.

"அவர் சொல்வது உண்மையா? வகுப்பு நடத்துகிறீர்களா?"

"ஆமாம் ஐயா."

"அப்படியானால் கடைசி நாள் உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?"

அவள் சீனியரைப் பார்த்தாள். சீனியர் தன் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் ஐயா, சரியாகத்தான் குறித்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பிரமாணப் பத்திரம் பொய்ச் சத்தியமாகிவிடும், மனு அந்த நிமிஷமே செத்துவிடும். தெரியாது என்றால் யாரும் நம்பப்போவதில்லை. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அந்த இரண்டு அறையும் போய்விடும். எத்தனையோ பேருக்கு வாய் ஓயாமல் பாடம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"ஒன்றும் தெரியாத குமாஸ்தாவாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்" என்றார் நீதிபதி. அவர் குரலில் கடுமைகூட இல்லை. "தெரிந்தவர் செய்ததைக் கவனக்குறைவு என்று ஏற்க முடியாது. மனு தள்ளுபடி."

அடுத்த வழக்கின் எண்ணை அழைத்தார்கள். சீனியர் பின்வரிசைப் பக்கம் திரும்பாமலே வேறு வாசல் வழியாக வெளியேறினார். சான்றிதழ் விஷயம் நிறுத்திவைக்கப்பட்டதாகப் பதிவாளர் அலுவலகம் அந்த வாரமே சொல்லியனுப்பியது. அதைக் கேட்டு அழுவதற்கு அப்போது அவளிடம் கண்ணீர் மிச்சமில்லை.

விசாரணை முடிந்த கையோடு வெளி நடையில் தையல்காரம்மா கேட்டாள், "என்னம்மா சொன்னாங்க? எனக்குப் பாதி புரியல."

கட்சிக்காரருக்குப் புரிகிற மொழியில் விளக்குவது எப்படி என்பதும் சங்கத்தில் அவள் நடத்துகிற பாடம்தான். இப்போது அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மேடையில் பேசியதை, போனில் சீனியர் சிரித்ததை, எழுந்தவள் மறுபடி உட்கார்ந்ததை, பிரமாணப் பத்திரத்தை, நீதிபதி கேட்டதை. ஒன்றையும் விடவில்லை. தையல்காரம்மா நடுவில் குறுக்கிடாமல், துணி அளவு கேட்டுக்கொள்கிறவள் மாதிரி கவனமாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க இதெல்லாம் படிக்காம, சும்மா ஒரு குமாஸ்தாவா இருந்திருந்தா, என் வீடு எனக்கு இருந்திருக்கும்."

"ஆமாக்கா."

"படிச்சவங்க, சங்கத்துல பெரிய பொறுப்புல இருக்கறவங்கன்னு ஜெராக்ஸ் கடையில சொன்னாங்க. அதை நம்பித்தான் உங்க ஆபீஸ் படியேறினேன். வக்கீல் யாருன்னுகூட நான் கேக்கல."

இரண்டு வக்கீல்கள் பேசிச் சிரித்தபடி அவர்களைக் கடந்து போனார்கள். தையல்காரம்மா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பள்ளி திறக்கப்போகிறது, பாதி தைத்த சட்டைகள் மெஷின் மேலேயே கிடக்கின்றன, எங்கே வைத்து முடிப்பது என்று யாரிடமோ கேட்பதுபோல முணுமுணுத்தாள். பிறகு படியிறங்கத் தொடங்கினாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வரேன்கா," என்று தேதியக்கா ஓரடி எடுத்து வைத்தாள்.

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"வேணாம்மா," என்றாள். "நீங்க வர வேணாம்."